பந்து ஏன் விழுகிறது: ஜக்கிளிங் பழகுவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

பந்துகளை விடாமல் மாறி மாறி எறிந்து பிடிக்கும் ஜக்கிளிங்கில் மூன்று பந்துகளை எறியத் தொடங்கி, ஏதோ ஓரிடத்தில் முன்னேறாமல் தடைப்பட்டு நிற்பவர்களுக்காகவே இக்குறிப்பு எழுதப்படுகிறது. பந்து நிலத்தில் விழுந்தவுடன் பெரும்பாலானோர் தம் பிடியைக் குறை கூறிக் கைகளை இன்னும் வேகமாக ஆட்டத் தொடங்குகிறார்கள். பிடி தவறுவது விளைவு மட்டுமே. அதற்கான காரணம் ஓர் எறிக்கோ இரண்டு எறிகளுக்கோ முன்பே நடந்து முடிந்திருக்கும். எனவே எந்த அறிகுறியைக் கண்டாலும் விழுந்த பந்தை விட்டுவிட்டு, அதற்கு முன் கையை விட்டுக் கிளம்பிய எறி எப்படிச் சென்றது என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சரியான வடிவம் ஒன்று மனதில் இருக்க வேண்டும். காஸ்கேட் என்ற அடிப்படை வடிவத்தில் இரு கைகளும் மாறி மாறி எறிகின்றன, ஒவ்வொரு பந்தும் எதிர்க் கைக்குக் கடந்து செல்கிறது. பந்தின் உச்சி கண்மட்டத்துக்கும் நெற்றிக்கும் இடையில் அமையும். முன்னே சென்ற பந்து உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கும்போது அடுத்த பந்து கையை விடுகிறது. கை வெளிப்புறத்தில் பிடித்து, உள்நோக்கி வாரி, உடலின் நடுக்கோட்டுக்கு அருகே எறிகிறது. கீழே வரும் பிழைகளிற் பெரும்பாலானவை இந்த நான்கு செய்திகளில் ஒன்று தவறுவதால் வருபவை.

பந்து கையில் பட்டுத் தெறிக்கிறது, விழுந்தால் உருண்டோடுகிறது

இது எறிபவரின் பிழையன்று, பந்தின் பிழை. ரெனிஸ் பந்து ஒன்றின் நிறை 56 முதல் 59.4 கிராம் வரையே. கைக்குள் வந்தது தெரியாத அளவு இலேசாக இருப்பதோடு, விரல் மூடுமுன் துள்ளியும் விடும். கிரிக்கெற் பந்து 156 கிராமுக்குக் குறையாது, கட்டியானது, நெற்றியில் பட்டால் அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்துவிடும். பழகுவதற்கு 110 முதல் 130 கிராம் வரை நிறையுள்ள, துள்ளாத பந்தே உகந்தது.

பழைய ரெனிஸ் பந்தைப் பிளேட்டால் சிறிதாகக் கீறி, உலர்ந்த மணலை ஏறத்தாழப் பாதியளவு இட்டு, சைக்கிள் ரியூப் துண்டால் ஒட்டினால் அந்த நிறை வந்துவிடும். உள்ளே மணல் அசைவதால் பந்து துள்ளவும் மாட்டாது. துணியில் தைப்பவர்கள் குரக்கனையோ அரிசியையோ நிரப்பலாம், ஆனால் மாரியில் ஈரம் ஏறித் தானியம் உழுத்துப் போகும். முதலில் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, அதன் மேல் துணியைத் தைப்பது நல்லது. மூன்று பந்துகளும் ஒரே நிறையில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒன்று இலேசானால் அது மட்டும் உயரப் போகும், எறிபவரோ தன் இடக்கையைச் சந்தேகித்துக்கொண்டிருப்பார்.

எறிய எறிய உடல் முன்னோக்கி நடக்கிறது

முற்றத்தின் நடுவில் தொடங்கியவர் சில எறிகளுக்குள் வேலியடிக்குப் போய்விடுவார். அநேகமாக எல்லோரும் கடந்து வரும் பிழை இதுதான், இதற்குரிய காரணத்தைச் சற்று அருகில் நின்று பார்த்தாற் புரியும்.

பழகுபவரின் பக்கவாட்டில் நின்று முழங்கையையும் கையையும் மட்டும் கவனியுங்கள். முன்கை முழங்கையை அச்சாகக் கொண்டு மேலெழுகிறது. கை முழங்கையின் மட்டத்துக்கு வரும் கணத்தில் பந்தை விட்டால் அது நேர்மேலே போகும். முழங்கையை விடக் கை தாழ்ந்திருக்கும்போதே விட்டால் பந்து முன்னோக்கிப் போகும், கை முழங்கைக்கு மேலே ஏறிய பின் விட்டால் முகத்துக்கு வரும். முன்னோக்கி நடப்பவரின் கை தாழ்வாகவே திறந்துவிடுவதைக் காணலாம். பல வேளைகளில் அதனுடன் முழங்கையும் விலாவை விட்டு முன்னே தள்ளப்படும். உள்ளங்கையில் இருக்க வேண்டிய பந்து விரல் நுனிகளின் வழியே உருண்டு கிளம்புவதால் காற்றில் சுழலவும் செய்யும். பந்தின் ஒரு பாதிக்கு மையால் நிறம் தீட்டிவிட்டால் அந்தச் சுழற்சி கண்ணுக்குத் தெரியும். பந்து சுழலாமல் எழுந்தால் கை சரியாகத் திறக்கிறது என்று கொள்ளலாம்.

கை ஏன் முந்தித் திறக்கிறது? இறங்கிவரும் பந்தோடு மோதிவிடுமோ என்ற பயத்தினாலேயே. பழகுபவர் தன்னை அறியாமலே புதிய பந்தைச் சற்று முன்னே தள்ளி வழிவிடுகிறார். தள்ளிய பந்தைப் பிடிக்க ஓரடி எடுத்து வைக்க வேண்டி வருகிறது, அங்கிருந்து எறியும் அடுத்த பந்தும் அதே சாய்வைப் பெறுகிறது.

மதிலைப் பார்த்து நின்று எறியுமாறு பலரும் அறிவுரை கூறுவதுண்டு. மதில் பிழையைக் காட்டுமே தவிரத் திருத்தாது என்பது என் கருத்து. பந்து மதிலில் உரசும்போது எறி முன்னே போனது உறுதியாகும், ஆனால் பயம் அப்படியே இருக்கும். இரண்டு பந்துகளுக்குத் திரும்பி, முழங்கைகளை விலாவோடு வைத்து, இரண்டாவது பந்தை முதலாவதன் அடியாக உள்வாங்கி எறிந்து பழகுவதே மருந்து. இரண்டிலும் சாய்வு முற்றாக நீங்கும்வரை மூன்றாவதைக் கையிலெடுக்க வேண்டியதில்லை. அதன் பிறகும் சாய்வு மீண்டால் கதிரையில் அமர்ந்து எறியுங்கள். கால்கள் உதவிக்கு வர முடியாதபோது கை தானாகவே ஒழுங்குக்கு வரும்.

இரண்டாவது பந்து எறியப்படாமல் கைமாற்றப்படுகிறது

வலக்கை ஒரு பந்தை உயர எறிகிறது. இடக்கையோ தன் பந்தை மேலே அனுப்பாமல், தாழ்வாக வலக்கைக்குள் திணித்துவிடுகிறது. வெளியே இருந்து பார்ப்பவருக்குப் பந்துகள் வட்டமாகச் சுற்றுவது போலத் தோன்றும். இதுவும் ஷவர் என்ற பெயருடைய ஒரு முறையான வடிவமே. ஆயினும் அதே எண்ணிக்கைப் பந்துகளுக்குக் காஸ்கேட்டை விட ஷவர் கடினமானது, ஏனெனில் உயர எறியும் சுமை முழுவதும் ஒரே கையில் விழுகிறது.

நம் ஊரில் கொக்கான் வெட்டிக் கை பழகிய பிள்ளைகளிடம் இப்பிழை சற்று உறுதியாக வேரூன்றியிருக்கும். கொக்கானில் ஒரே கைதான் கல்லை எறிந்து, நிலத்திலுள்ளதை வாரி, இறங்குவதைப் பிடிக்கிறது. மற்றக் கைக்கு அங்கே எறியும் வேலை கிடையாது. அதே பிள்ளைகளுக்கு ஒரு பெரிய நன்மையும் உண்டு: உயரே போன கல் எப்போது இறங்கும் என்பதை ஒரு பார்வையிலேயே கணிக்கும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே வந்திருக்கும். ஆகவே அவர்களிடம் திருத்த வேண்டியது இடக்கையை மட்டுமே.

மூன்றாவது பந்தைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் இடக்கையால் தொடங்குங்கள். “எறி, எறி, பிடி, பிடி” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கைமாற்றுபவரின் வாயில் இது “எறி, பிடி” என்று சுருங்கிவிடும், சொல்லும் கையும் பொருந்தாததை அவரே உணர்வார். இரு பந்துகளும் ஒரே உயரத்தை எட்டுகின்றனவா என்பதை மட்டும் எதிரே நிற்பவர் பார்த்துச் சொன்னாற் போதும்.

பந்துகள் காற்றில் மோதுகின்றன

எங்கே மோதுகின்றன என்பதே இங்கு முதற் கேள்வி. கைக்குச் சற்று மேலே, அதாவது ஒன்று இறங்கும் வழியிலும் மற்றது ஏறும் வழியிலும் மோதினால், வாரும் அசைவு இல்லை என்று பொருள். கை பிடித்த இடத்திலிருந்தே எறிகிறது, ஆதலால் ஏறும் பாதையும் இறங்கும் பாதையும் ஒன்றாகிவிடுகின்றன. ஒவ்வொரு கையும் தன் பக்கத்தில் தட்டையான ஒரு சிறு வட்டம் வரைய வேண்டும்: பிடிப்பது வெளியே, விடுவது உள்ளே.

உச்சிக்கு அருகில் மோதினால் நேரமே காரணம். அடுத்த பந்து மிக முந்திக் கிளம்பி, முன்னதை அதன் உச்சியிலேயே சந்தித்துவிடுகிறது. சில வேளைகளில் ஒரு கை மற்றதை விடத் தாழ எறிவதும் இதே அறிகுறியைத் தரும். ஒரு பந்தை மட்டும் கைக்குக் கை மாற்றி எறிந்து, இரு பக்க உச்சியும் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்று பார்த்தால் எது காரணம் என்பது பிரிந்து தெரியும்.

வேகம் கூடிக் கூடி இறுதியில் எல்லாம் சரிகிறது

தொடக்கம் நன்றாக இருக்கும், போகப் போக எறிகள் தாழும், கைகள் பதறும். இதற்குப் பின்னாலுள்ள கணக்கு எளியது. அரை மீற்றர் உயரம் போகும் பந்து 0.64 செக்கன் காற்றில் இருக்கும். உயரம் கால் மீற்றராகக் குறைந்தால் 0.45 செக்கனே கிடைக்கும்.

தகவற் கோட்பாட்டை வகுத்த குளோட் ஷனன் ஜக்கிளிங்குக்கும் ஒரு சமன்பாடு தந்திருக்கிறார். பந்து காற்றில் இருக்கும் நேரத்தையும் கையில் தங்கும் நேரத்தையும் கூட்டிக் கைகளின் எண்ணிக்கையாற் பெருக்கினால், கை வெறுமையாக இருக்கும் நேரத்தையும் பந்து தங்கும் நேரத்தையும் கூட்டிப் பந்துகளின் எண்ணிக்கையாற் பெருக்கியதற்கு அது சமமாகும். பந்து ஒவ்வொரு முறையும் கையில் 0.4 செக்கன் தங்குவதாகக் கொண்டால், அரை மீற்றர் எறியில் கை ஏறத்தாழ 0.29 செக்கன் வெறுமையாக இருக்கும். கால் மீற்றர் எறியில் அது 0.17 செக்கனாகச் சுருங்கிவிடும். அடுத்த பந்துக்காகக் கை இடம்மாறுவது அந்த வெறுமையான நேரத்தில்தான். உயரம் பாதியானவுடன் கை பதறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எனவே வேகத்தைக் குறைக்க முயலாதீர்கள், உயரத்தைக் காப்பாற்றுங்கள். நெற்றி மட்டத்தில் கண்ணை நிறுத்தி, எல்லாப் பந்துகளும் அந்த மட்டத்தைத் தொட்டு இறங்குவதை மட்டும் பாருங்கள். கைகளைப் பார்க்கத் தொடங்கினால் உச்சி தாழும், இவை இரண்டும் எப்போதும் சேர்ந்தே வரும்.

விறாந்தையில் சரியாக வருவது வெளியே வருவதில்லை

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் நாட்களில், யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரையிலோ முற்றவெளியிலோ எறிபவர்களிடம் இதைக் காணலாம். பக்கவாட்டுக் காற்று எல்லாப் பந்துகளையும் ஒரே திசைக்குத் தள்ளுவதால், ஒரு கையின் எறி நீண்டும் மற்றக் கையின் எறி குறுகியும் விழும். அது பார்வைக்கு ஒரு கையின் பிழை போலவே இருக்கும். அப்படியே முதுகுப்புறம் திரும்பி நின்று மீண்டும் எறியுங்கள். பிழையும் கை மாறினால் குற்றம் காற்றினுடையது, அதே கையிலேயே நின்றால் உங்களுடையது.

காலையிலும் மாலையிலும் வெயில் கண்ணில் அடிக்காதபடி வடக்கையோ தெற்கையோ பார்த்து நிற்பது நல்லது. ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகற் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்பதால், அந்நேரத்தில் எத்திசை பார்த்தாலும் உயர எறிந்த பந்து ஒளியில் மறையும். அப்போது நிழலைத் தேடுவதே வழி.

புதிய வடிவம் தொடங்கியவுடன் குலைகிறது

காஸ்கேட் உறுதியான பின் 441, 531, 423 போன்ற வடிவங்களுக்குப் போகிறவர்கள், அவை குலையும்போது எங்கே குலைகின்றன என்று சொல்லத் தெரியாமல் நிற்பதுண்டு. 1980களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தனித்தனியே உருவான சைட்சுவாப் என்ற எண்முறை இங்கே பெரிதும் உதவும். ஓர் எறிக்கு ஒரு தாளம் என்று கொண்டு, ஒவ்வோர் எண்ணும் அந்தப் பந்து எத்தனை தாளத்துக்குப் பின் மீண்டும் எறியப்படும் என்பதைச் சொல்கிறது. ஒற்றை எண்கள் எதிர்க் கைக்குப் போகும், இரட்டை எண்கள் எறிந்த கைக்கே திரும்பும். 1 என்பது நேரான கைமாற்றம், 2 என்பது கையிலேயே வைத்திருப்பது, 3 என்பது காஸ்கேட் எறி. முன்னே சொன்ன ஷவர் இம்முறையில் 51 ஆகும்.

எண்களின் சராசரியே பந்துகளின் எண்ணிக்கை. ஆனால் சராசரி சரியாக வருவதால் மட்டும் ஒரு வடிவம் எறியக்கூடியதாகிவிடாது. 432 இன் சராசரியும் மூன்றுதான், ஆயினும் முதற் பந்து நான்கு தாளம், அடுத்தது ஒன்று பிந்தி மூன்று தாளம், அதற்கடுத்தது இரண்டு தாளம் என்று மூன்றும் ஒரே கணத்தில் ஒரே கைக்கு வந்து விழும். தாமாக வடிவம் புனைபவர்கள் “எவ்வளவு பழகினாலும் மூன்றும் ஒன்றாக விழுகின்றன” என்று சலிப்பதற்கு முன் தாளில் சரிபார்க்க வேண்டும். எண்களுடன் முறையே 0, 1, 2 என்று கூட்டி, எண்களின் எண்ணிக்கையான மூன்றால் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதிகள் வெவ்வேறாக இருந்தால் வடிவம் சரியானது. 531 க்கு 2, 1, 0 என்று வரும். 432 க்கு மூன்றும் 1 என்றே வரும்.

441 இல் இரு 4களும் நடுவில் மோதுகின்றன என்றால், காஸ்கேட்டின் பழக்கத்தில் கை அவற்றை உள்நோக்கிச் சாய்க்கிறது. 4 என்பது தன் கையின் பக்கத்திலேயே நேர்மேலே போய் இறங்க வேண்டிய எறி. இரு தூண்கள் போல எழுந்து நிற்கும் அந்த இரண்டுக்கும் அடியில் 1 குறுக்கே செல்ல வேண்டும். 1 தாமதமாகிறது என்றால் அது வளைந்து மேலெழுகிறது என்று பொருள், தரைக்கு இணையாக, ஏறத்தாழத் திணிப்பது போல அனுப்புங்கள். முன்பு பிழையாக இருந்த கைமாற்றம் இங்கே திறமையாகிவிடுகிறது.

531 இல் முதற் பந்து இறங்குமுன் கை காலியாகி நிற்பதும், அல்லது இறங்கும் பந்துக்குக் கை ஆயத்தமாகாததும் பொதுவானவை. இரண்டும் 5 இன் உயரத்தைச் சார்ந்தவை. காஸ்கேட்டின் அதே தாளத்தில் 5 ஏறத்தாழ இரு மடங்கு நேரம் காற்றில் இருக்க வேண்டும், இரு மடங்கு நேரத்துக்கு நான்கு மடங்கு உயரம் தேவை. அரை மீற்றர் எறிபவர் 5 ஐ இரண்டு மீற்றர் எறிய வேண்டி வருவதால், தாழ்ந்த விறாந்தைக் கூரையின் கீழ் இது நடவாது. முற்றத்துக்கு இறங்குங்கள், அல்லது 3 ஐத் தாழ்த்தித் தாளத்தை விரைவுபடுத்துங்கள். முந்தியதே எளிது.

423 அநேகமாகத் தொல்லை தராது. தந்தால், 2 ஐ வைத்திருக்க வேண்டிய கை பொறுமையிழந்து எறிந்துவிடுகிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

மில்ஸ் மெஸ் என்ற வடிவத்தில் கைகள் சிக்கிக்கொள்கின்றன என்பவர்கள், முதலில் அது எண்முறைப்படி வெறும் 3 தான் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். 1970களில் ஸ்டீவ் மில்ஸ் உருவாக்கிய இவ்வடிவத்தில் எறியும் ஒழுங்கு மாறுவதில்லை, கைகள் ஒன்றையொன்று குறுக்கிட்டு விலகுவதே புதிது. பந்துகள் ஒரே திசையில் சுழலும் விண்ட்மில் வடிவத்தை இடம், வலம் என இரு திசைகளிலும் தனித்தனியே பழகியபின் அவற்றை மாறி மாறி இணைத்தால் சிக்கல் பெருமளவு அவிழ்ந்துவிடும். ஒரு திசையை மட்டும் பழகிவிட்டு இதற்குள் வருபவர்களே சிக்கிக்கொள்கிறார்கள்.

நான்காவது, ஐந்தாவது பந்துகள்

நான்கு பந்துகளில் இடப் பந்தும் வலப் பந்தும் நடுவில் மோதினால், காஸ்கேட்டை அப்படியே நான்குக்கு நீட்டியிருக்கிறீர்கள். நான்கு பந்து வடிவத்தில் பந்துகள் கடப்பதில்லை. ஒவ்வொரு கையும் இரண்டு பந்துகளைத் தனியே, உள்ளே விட்டு வெளியே பிடிக்கும் வட்டமாகச் சுழற்றுகிறது. ஒரு கையில் இரண்டு பந்துகள் தடையின்றி ஓடும்வரை, குறிப்பாக இடக்கையில் ஓடும்வரை, நான்கைத் தொடுவதில் பயனில்லை.

ஐந்து பந்துகள் வரவில்லை என்பவர்களுக்கு மூன்று பந்துகளிலேயே ஒரு சோதனை உண்டு. மூன்றையும் ஐந்துக்குரிய உயரத்தில் அடுத்தடுத்து எறிந்துவிட்டு, முதலாவது திரும்பி வருமுன் வெறுங்கைகளைத் தட்டுங்கள். எண்முறையில் இது 55500. அந்த இரண்டு பூச்சியங்களும்தான் கை தட்டக் கிடைக்கும் இடைவெளி. பதறாமல், நின்ற இடத்தை விட்டு அசையாமல், இடக்கையால் தொடங்கினாலும் வலக்கையால் தொடங்கினாலும் ஒரே மாதிரித் தட்ட முடிந்தால் உயரம் போதும், அதற்குப் பிறகு விழும் பந்துகளுக்கு மேலே சொன்ன மோதற் காரணங்களைத் தேடலாம். தட்ட முடியவில்லையென்றால் மற்ற இரண்டு பந்துகளையும் பையிலேயே வைத்துவிட்டு இதையே தொடருங்கள்.